சிவப்பு மாத்திரையா, எல்லாம் சேர்ந்த ஒரே மாத்திரையா?

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து மாநகராட்சி சுகாதார மையங்களிலும் கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு இரும்பு மாத்திரையும் தனியாகக் கால்சியமும் காசில்லாமல் கிடைக்கின்றன. மருந்துக்கடையில் இரும்பு, கால்சியம், துத்தநாகம் (ஜிங்க்) எல்லாவற்றையும் ஒன்றாக அடக்கிய மாத்திரை இருக்கிறது. விலை வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என் ஓட்டு தனித்தனி மாத்திரைக்குத்தான்.

காரணம் குடலில் இருக்கிறது. இரும்பும் கால்சியமும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரே மாத்திரைக்குள் இரண்டையும் வைத்துவிட்டால் பிரிக்கவே வழியில்லை. இன்னொன்று, 500 மி.கி. கால்சியத்துக்கு 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் வேண்டும். அதுவே பெரிய மாத்திரை. ஒரு நாளைக்கு அப்படி இரண்டு தேவை. எல்லாம் சேர்ந்த மாத்திரையில் அவ்வளவு எப்படி அடங்கும்? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபெரஸ் ஃபியூமரேட் (இரும்பு உப்பு) 150 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு, சுமார் 50 மி.கி.தான். சிவப்பு மாத்திரையில் இரும்பு மட்டுமே 60 மி.கி., கூடவே ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்.

நேரக்கணக்கு இதுதான். காலை டிபனோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு ஒன்று. இரவு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்முன் இரும்பு. ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறோ, ஒரு துண்டு கொய்யாவோ சேர்ந்தால் இன்னும் நல்லது. பால் வேண்டாம். டீ, காபிக்கும் இரும்புக்கும் நடுவே குறைந்தது 1 மணி நேரமாவது விட வேண்டும். மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கம்தான் பாதிப் பலனைக் கெடுக்கிறது. விடியுமுன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்களுக்குக் காலை மாத்திரை மறந்துபோகும்; ராத்திரி மாத்திரை மறக்காது. குமட்டலும் தூக்கத்தில் போய்விடும்.

இரும்பு மாத்திரை நான்காம் மாதம் தொடங்கி 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறம், ஆபத்தில்லை. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள். வயிறு தாங்கவே இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். பலன் கொஞ்சம் குறையும், ஆனாலும் நிறுத்துவதைவிட மேல்.

கடை மாத்திரைப் பெட்டியில் 'குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்கு' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். குழந்தை தன் முதல் 4 முதல் 6 மாதத்துக்கான இரும்பைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து வாங்கிச் சேர்க்கிறது. நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களும் அதே காலத்தில்தான் நஞ்சுக்கொடி வழியாக அதிகம் போகின்றன. குறைமாதத்தில் பிறந்தால் இரண்டுமே குறையும். கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் கால்சியம் மாத்திரை கர்ப்பகால ரத்தக்கொதிப்பைக் குறைக்கிறது. அதனால் முன்கூட்டியே பிரசவம் பார்க்க நேர்வதும் குறையும். குழந்தைக்கு லாபம் இந்தச் சுற்றுவழியில்தான் வருகிறது. துத்தநாக மாத்திரை குறைப்பிரசவத்தைக் குறைக்கும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை. குழந்தைக்கு நோய்த்தொற்று குறையும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. கர்ப்பிணிகளுக்கென்று ஐ.நா. அமைப்புகள் வகுத்த, 15 சத்துகள் கொண்ட உலகளாவிய சூத்திர மாத்திரையை ஆராய்ந்ததில் எடை குறைந்த பிரசவம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதில் கால்சியமே கிடையாது. இரும்பும் 30 மி.கி.தான். கடையில் கிடைக்கும் கலவை எல்லாம் அந்தச் சூத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சிவப்பு மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் போலிருக்கும்; நாலைந்து விழுங்கினாலே குழந்தைக்கு ஆபத்தாகலாம். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். 1 கிராமாவது ஏறவில்லையென்றால் முதலில் டீ நேரத்தைச் சரிபாருங்கள். பிறகு இரும்பு ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.