பாப்பா சேர்ந்த கேடட் பைலட் திட்டம்: ஐந்துக்கு மூன்று மார்க்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எனக்கு இரண்டு விசைப்படகு இருந்தன. இப்போது ஒன்று. மற்றதை விற்ற பணம், உச்சிப்புளிப் பக்கம் இருந்த தென்னந்தோப்புப் பத்திரம், வீட்டுக்காரியின் நகை எல்லாம் சேர்ந்து என் மகளை ஒரு விமான கம்பெனியின் கேடட் பைலட் திட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தன. மூன்று வருடம் ஆகிவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, பாப்பா இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறாள்.

2009இல் உச்சிப்புளி கடற்படைத் தளத்துக்குப் பருந்து என்று பெயர் வைத்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் கரையில் வலைக் குவியல் மேல் ஏறி நின்று கையாட்டுவாள். அந்த வினைதான்.

பைலட் ஆக இரண்டு வழி. ஒன்று, நாமே ஏதாவது பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 200 மணிநேரம் ஓட்டி, டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானத் துறை வைக்கும் பரீட்சைகளை எழுதி கமர்ஷியல் லைசென்ஸ் வாங்குவது. அப்புறம் ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட, அந்த ரக விமானத்துக்கென்றே டைப் ரேட்டிங் என்று ஒரு பயிற்சி, அதற்குத் தனிப் பணம். அதற்கும் மேலே வேலைக்குக் காத்திருக்க வேண்டும். லைசென்ஸை பீரோவில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்கே தெரியும். இன்னொன்று கேடட் திட்டம். கம்பெனி முதலிலேயே பரீட்சை, நேர்முகம் வைத்து ஆளை எடுக்கிறது. அவர்கள் சொல்லும் பள்ளியில் படிப்பு, டைப் ரேட்டிங்கும் நம் பணத்தில் அவர்களே, முடிந்ததும் வலது பக்க சீட், அதாவது கோ-பைலட் வேலை. எங்களுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் ஆனது. இதற்கு மேல் முதல் சில வருடம் மற்ற கோ-பைலட்களைவிடக் குறைந்த சம்பளம், ஐந்து வருடம் கம்பெனியை விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டு.

பாண்டு என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் தொழிலில் படகேறும் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுப்போம். அது கழியும்வரை அவன் வேறு படகுக்குப் போக முடியாது. போனால் அந்தப் படகுக்காரர் கடனை அடைத்துவிட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். நான் பணம் கொடுக்கிறேன், அவன் கட்டுப்படுகிறான், அது ஒரு நியாயம். இங்கே அட்வான்ஸ் கொடுத்ததும் நான், கட்டுப்பட்டதும் என் பிள்ளை! ஐம்பது வயதில் இப்படி ஒரு படகை நான் பார்த்ததில்லை. அதுபோக, 2017 முதல் கோ-பைலட் வேலையை விடுவதென்றால் ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று டிஜிசிஏ விதி வேறு இருக்கிறது. அது அரசு விதி. பாண்டு மட்டும் கம்பெனி போட்டது.

பயிற்சியில் குறை சொல்ல மாட்டேன். வாத்தியார்கள் கறார், விமானங்கள் ஒழுங்காகக் கிளம்பின, தேதிப்படி மணிநேரம் ஏறியது. சிக்கல் எல்லாம் முடிந்த பிறகு வந்தது. ஒப்பந்தத்தில் பதினான்காம் பக்கத்தில் “கம்பெனியின் தேவைக்கு ஏற்ப” வேலை என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், அதன் எடை புரியவில்லை. டைப் ரேட்டிங் முடித்த பாப்பாவை ஏழு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். கேட்டால் விமானம் வரத் தாமதம் என்றார்கள்.

அந்த ஏழு மாதத்தில் வங்கியின் சலுகைக் காலம் முடிந்தது. அறுபது லட்சம் கடன், பதினோரு சதவீத வட்டி, பத்து வருடம்: மாதம் 82,000 ரூபாய்க்கு மேல். முதல் தவணை ஏப்ரல் கடைசியில் விழுந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. கை மறந்துவிடக் கூடாது என்று பாப்பா காக்பிட் படத்தை தெர்மாகோல் மீன்பெட்டி மூடிகளில் ஒட்டி, சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். அறை முழுக்க மீன் வாடை. “அப்பா, ஏர்பஸ்ஸில் நெத்திலி வாடை அடிக்குதுப்பா” என்பாள். நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது பறக்கிறாள். சம்பளம் குறைச்சல்தான், ஆனால் அது என் புகார் இல்லை. கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 மணிநேரம் வேண்டும், அது ஏறிக்கொண்டே இருக்கிறது. டைப் ரேட்டிங்கைக் கம்பெனி தன் செலவில் கொடுத்து, சேரும் தேதியையும் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் இன்னும் பத்தாயிரம் குறைத்தாலும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பணமும் நம்முடையது, சம்பளமும் குறைவு, தேதியும் இல்லை என்றால் வேண்டாம். விமான கம்பெனிகளே நின்றுபோகின்றன: கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். கம்பெனி நின்றால் பாண்டு யாருக்கு? கடன் மட்டும் நம் பெயரில் இருக்கும்.

இன்னொன்று. கட்டணம் கட்டும் முன்னால் பைலட்டுக்கான உடல் தகுதிப் பரிசோதனையை, கிளாஸ் 1 மெடிக்கல் என்பார்கள், முடித்துவிடுங்கள். பாப்பாவோடு தேர்வான ஒரு பையன் பாதிப் பணம் கட்டிய பிறகு கண் பரிசோதனையில் நின்றுபோனான். திருப்பித் தந்தது மிகக் கொஞ்சம்.

போன வாரம் தொண்டியிலிருந்து ஒரு சம்பந்தி வழிச் சொந்தக்காரர் பையனுக்காகப் போன் செய்தார். நாளைக்கே முன்பணம் கட்டணுமாம், சீட் போய்விடுமாம். மாப்பிள்ளை, சீட் போனால் போகட்டும், வெள்ளிக்கிழமை எனக்குக் கடலில்லை, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு வாருங்கள், பதினான்காம் பக்கத்தை முதலில் பார்ப்போம் என்றேன்.