படிமுறைக் கட்டணமா, நேரக் கட்டணமா? கொழும்பு வீடுகளுக்கான கணக்கு

மின்சாரத்தின் விலையை ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ பூட்டி வைக்கும் ஒப்பந்தம் கொழும்பில் எந்த வீட்டுக்கும் கிடைக்காது. விற்பவரையும் நாம் தெரிவுசெய்ய முடியாது. மாநகரத்துக்குள் மின்சார சபையின் கம்பி. கோட்டே, நுகேகொடை, களனி, மொறட்டுவைப் பக்கம் போனால் லெக்கோ என்ற விநியோக நிறுவனத்தின் கம்பி. இரண்டுக்கும் விலை ஒன்றுதான். அதை அங்கீகரிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அந்த விலையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாதம் 180 அலகைத் தாண்டியவர்கள் கடைசிப் படியில் ஓர் அலகுக்குக் கொடுத்தது 2024 மார்ச்சில் 75 ரூபா, அதே வருடம் ஜூலையில் 65, 2025 ஜனவரியில் 52, ஜூனில் 61.

வீட்டுக்காரர் கையில் இருக்கும் தெரிவு, பாவித்த மின்சாரத்தை எந்த முறையில் கணக்குப் பார்ப்பது என்பதுதான். எல்லோருக்கும் வழக்கமாகக் கிடைப்பது எவ்வளவு பாவித்தோம் என்று பார்த்து, பாவனை கூடக் கூட அலகின் விலையைப் படிப்படியாக ஏற்றும் படிமுறைக் கட்டணம். விரும்பினால் விண்ணப்பித்து மாறக்கூடியது எந்நேரம் பாவித்தோம் என்று பார்க்கும் பாவனை நேரக் கட்டணம். இவை தவிர, ஒரே கூரையின்கீழ் இரண்டு குடித்தனம் இருந்தால் மீட்டரைப் பிரிக்கலாம். கூரை சொந்தமானால் சூரியப் பலகை போடலாம். நேரக் கட்டணம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை முடிவுசெய்யும் முக்கிய எண்: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உங்கள் மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்பது. அதை அளக்காமல் விண்ணப்பப் படிவத்தைத் தொட வேண்டாம்.

படிமுறைக் கட்டணம் எங்கே கடிக்கிறது

2025 ஜூன் 12 முதல் வந்த அட்டவணையை வைத்துப் பார்ப்போம். மாதம் 60 அலகுக்குள் முடிப்பவருக்கு முதல் 30 அலகும் 4.50 ரூபா, அடுத்த 30 அலகும் 8 ரூபா. 60ஐத் தாண்டியதும் அந்த மலிவு விலை முழுவதுமாகப் போய்விடும். முதல் 60 அலகும் 12.75 ஆகிறது, 61 முதல் 90 வரை 18.50, 91 முதல் 120 வரை 24, 121 முதல் 180 வரை 41, அதற்கு மேல் 61. மாதாந்த நிலையான கட்டணமும் கூடவே ஏறும்: 80, 210, 400, 1,000, 1,500, கடைசியில் 2,100 ரூபா.

வரி சேர்க்காமல் வரும் தொகை இது:

| மாத அலகு | பில் (ரூபா) | ஓர் அலகின் சராசரி |
|---|---|---|
| 60 | 585 | 9.75 |
| 61 | 1,183.50 | 19.40 |
| 120 | 3,040 | 25.33 |
| 180 | 6,000 | 33.33 |
| 200 | 7,820 | 39.10 |
| 300 | 13,920 | 46.40 |
| 400 | 20,020 | 50.05 |
| 500 | 26,120 | 52.24 |

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். அறுபத்தோராவது அலகு ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ 600 ரூபா. 90ஐத் தாண்டும்போது இன்னொரு 624, 120ஐத் தாண்டும்போது 541, 180ஐத் தாண்டும்போது 661. எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்குக் கட்டணத்தை மாற்றுவதைவிட மாதம் ஐந்தாறு அலகைக் குறைப்பதே பெரிய இலாபம். மீட்டர் பார்ப்பவர் மூன்று நாள் பிந்தி வந்ததால் மேல் படிக்குப் போய்விட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. படிகள் நாட்கணக்குக்கு ஏற்ப நீட்டப்படும். 33 நாள் பில்லில் 60 அலகுப் படி 66 ஆகிவிடும். பில்லில் உள்ள நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியும்.

அட்டவணையின் கடைசி நிரலில்தான் மாறுவதா வேண்டாமா என்ற விடை இருக்கிறது. நேரக் கட்டணத்துக்குப் போனால் ஓர் அலகின் சராசரி இதைவிடக் குறைய வேண்டும். 120 அலகு வீட்டுக்குச் சராசரி 25 ரூபா; அதை வெல்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 400 அலகு வீட்டுக்கு 50 ரூபா, வெல்ல இடமிருக்கிறது.

நேரக் கட்டணம் யாருக்குத் தோது

இதில் படிகள் இல்லை. நாள் மூன்றாகப் பிரிகிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் விடிய 5.30 வரை உச்சமல்லாத நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரே விலை. பத்தாவது அலகும் ஐந்நூறாவது அலகும் ஒன்று.

வீடுகளுக்கு 2015இல் இது வந்தபோது உச்ச நேர அலகு 54 ரூபா, பகல் 25, இரவு 13, நிலையான கட்டணம் 540. அப்போது படிமுறையில் 60 அலகுக்கு மேற்பட்ட வீட்டுக்கு 7.85, 10, 27.75, 32, கடைசிப் படி 45; நிலையான கட்டணம் அதே 540. விலைகள் பலமுறை மாறிவிட்டன, ஆனால் இரண்டு முறைகளும் மோதும் விதம் மாறவில்லை. அதனால் அந்த அட்டவணையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன்படும்.

மாதம் 400 அலகு வீடு. படிமுறையில் 13,963.50 ரூபா. அதே வீடு உச்ச நேரத்தில் 100, பகலில் 180, இரவில் 120 அலகு பாவித்தால் நேரக் கட்டணத்தில் 12,000. கிட்டத்தட்ட 2,000 ரூபா மிச்சம். உச்ச நேரத்தில் 160, பகலில் 160, இரவில் 80 என்று பாவித்தால் 14,220. மாறியதால் நட்டம். மொத்தம் ஒன்றுதான், மீட்டரும் ஒன்றுதான். பில் மட்டும் 2,220 ரூபா வித்தியாசம்.

மீதி அலகு முதல் உதாரணத்தைப் போலப் பகலுக்கும் இரவுக்கும் பிரிந்தால், அந்த விலைகளில் 400 அலகு வீட்டின் உச்ச நேரப் பங்கு 39 சதவீதம் வரை போனாலும் மாறுவது நட்டமில்லை. 250 அலகு வீட்டுக்கோ அந்த எல்லை 19 சதவீதம்தான். நாலு மணித்தியாலம் என்பது ஒரு நாளில் ஆறிலொன்று, அதாவது 17 சதவீதம். எல்லோரும் வீட்டில் இருந்து சமைத்து, குளித்து, டிவி பார்க்கும் நேரத்தில் பங்கு 19 சதவீதத்துக்குள் அடங்குவது அபூர்வம். அதனால் 250 அலகுக்குக் கீழ் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். மின்சார வாகனம் வாங்கப் போகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு.

வாகனம் நிலைமையை அடியோடு மாற்றிவிடும். தினம் 40 கிலோமீற்றர் ஓடும் சிறிய மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 7 அலகு, மாதம் 200 அலகு. ஏற்கனவே 180ஐத் தாண்டிய வீட்டில் இந்த 200 அலகும் கடைசிப் படியில் விழும்: 2025 ஜூன் விலையில் 61 வீதம் 12,200 ரூபா. நேரக் கட்டணத்தில் முழுவதும் இரவு விலைக்குப் போய்விடும். சார்ஜரின் டைமரைச் சரியாக 10.30க்கு வைக்காதீர்கள். மீட்டரின் கடிகாரம் சில நிமிடம் பிந்தியிருந்தால் 7 கிலோவாட் சார்ஜர் உச்ச விலையில் ஓடத் தொடங்கும். 10.45 முதல் 5.15 வரை வைத்தால் பயமில்லை.

உச்ச நேரத்தை அளப்பது

ஏழு நாள், ஞாயிறையும் சேர்த்து, காலை 5.30, மாலை 6.30, இரவு 10.30 மூன்று நேரமும் மீட்டரைக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். நேரமும் படத்தோடு பதிவாகிவிடும். பழைய உருளை மீட்டரில் சிவப்பு நிறத்தில் இருக்கும் கடைசி எண் பத்திலொரு பங்கு. அதை முழு அலகாக எண்ணினால் கணக்கு பத்து மடங்கு பிழைக்கும். பாடசாலை விடுமுறையும் விருந்தாளிகள் தங்கும் வாரமும் வேண்டாம். பகல், உச்சம், இரவு மூன்றின் கூட்டுத்தொகையையும் மாதத்துக்குப் பெருக்கி, மின்சார சபையின் அன்றைய நேரக் கட்டண விலைகளால் பெருக்கி, நிலையான கட்டணத்தைச் சேர்த்து, உங்கள் படிமுறைப் பில்லோடு ஒப்பிடுங்கள். மிச்சம் பத்து சதவீதத்துக்குக் குறைவென்றால் மாற வேண்டாம். அடுத்த விலைத் திருத்தத்திலேயே அது காணாமல் போகலாம்.

பங்கு அதிகம் என்று வந்தால் எதை நகர்த்தலாம் என்று பாருங்கள். முதலில் குளியலறை ஹீட்டர். 4.5 கிலோவாட் உடனடி ஹீட்டரில் பத்து நிமிடக் குளியல் 0.75 அலகு. நாலு பேர் இரவில் குளித்தால் மாதம் 90 அலகு, முழுவதும் உச்ச விலையில். காலை 5.30க்குப் பிறகு குளித்தால் அது பகல் விலை. தண்ணீர் மோட்டர் சின்னச் செலவு, ஆனால் தொட்டியில் மிதவைச் சுவிட்ச் இருந்தால் எல்லோரும் குளிக்கும் அந்த நேரத்திலேயே தானாக ஓடும். டைமர் ஒன்று போட்டுக் காலைக்கு மாற்றலாம். வாஷிங் மெஷின், அயன் இரண்டும் சுலபமாக நகரும். ஃபிரிட்ஜ் நாள் முழுவதும் ஒரே சீராக ஓடுவதால் அதைத் தொட வேண்டியதில்லை.

ஏசிதான் சிக்கல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் கடல் பக்கம் பார்த்த அறைகளின் சுவர் பின்னேர வெயிலில் சூடேறி, இரவு ஒன்பது மணிக்கும் கையை வைத்தால் சுடும். ஏசியைப் போட்டதும் முதல் ஒரு மணித்தியாலம் கம்பிரசர் முழு மூச்சில் ஓடுவது அந்தச் சுவரைக் குளிர்விக்கத்தான். அந்த மணித்தியாலம் உச்ச நேரத்துக்குள் விழுந்தால் இரவு மலிவின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். மாலை 5.30க்குப் பகல் விலையில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, தடித்த திரைச்சீலை போட்டு, பிறகு 10.30க்குப் போடுவது பலன் தரும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உள்ள வீட்டில் இது சரிவராது. அவர்களை வியர்க்க வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம், படிமுறையிலேயே இருங்கள்.

மீட்டரைப் பிரிப்பது

மேல்மாடியில் மகளின் குடும்பமோ வாடகைக்காரரோ இருக்கும் வீடுகளில் இதுவே பெரும்பாலும் முதல் இடம் பெறும். 2025 ஜூன் அட்டவணையில், ஒரே மீட்டரில் 400 அலகு என்றால் 20,020 ரூபா. இரண்டு மீட்டரில் 200 வீதம் என்றால் 7,820 இரண்டு தடவை, 15,640. யாரும் எந்தச் சுவிட்சையும் அணைக்காமல் மாதம் 4,380 மிச்சம். ஆனால் மேல்மாடி உண்மையிலேயே தனி வீடாக இருக்க வேண்டும்: தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங். மாநகர சபையின் தனி மதிப்பீட்டு இலக்கம் இருந்தால் காரியம் இலகு. சான்றுபெற்ற மின்னியலாளரைக் கொண்டு இரண்டு மாடியின் நியூட்ரல் கம்பிகளையும் முழுமையாகப் பிரித்துவிடுங்கள். மாடிப்படி விளக்கு ஒன்று இரு மீட்டருக்கும் பொதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும்.

சூரியப் பலகை: பூட்டக்கூடிய ஒரே விலை

நாம் வாங்கும் விலையைப் பூட்ட முடியாது. விற்கும் விலையைப் பூட்டலாம். கூரை மின் ஒப்பந்தம் 20 வருடம். 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கியபோது மிச்ச அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 15.50. அதன்பின் வந்த ஒப்பந்தங்களுக்கு வெவ்வேறு விலை, ஆனால் கையெழுத்திட்டவருக்கு ஒப்பந்த விலை தொடர்கிறது.

கொழும்பில் ஒரு கிலோவாட் பலகை மாதம் ஏறத்தாழ 100 முதல் 120 அலகு தரும். பில்லிலிருந்து நீங்கும் கடைசிப் படி அலகின் பெறுமதி 2025 ஜூன் அட்டவணையில் 61 ரூபா. விற்கும் அலகுக்கு அதைவிட மிகக் குறைவு. அதனால் உங்கள் பாவனையை ஈடுசெய்யும் அளவோடு நிறுத்துங்கள். விற்பதற்கென்று பெரிதாகப் போடாதீர்கள். பகலில் மின்சாரம் மிதமிஞ்சிவிட்டதால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் பலகைகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தட்டுப்பாடு இருப்பது மாலையில். பலகை போட்டுப் பில் குறைந்துவிட்ட வீட்டுக்கு நேரக் கட்டணத்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டாம்.

மாறுவதென்று முடிவானால்

இணைப்பு ஒருகட்டமா (சிங்கிள் பேஸ்) மூன்று கட்டமா (த்ரீ பேஸ்) என்று பில்லில் பாருங்கள். இந்தத் தெரிவு முதலில் மூன்று கட்ட இணைப்புகளுக்கென்றே வந்தது. ஒருகட்டமானால் முதலில் 1987க்கோ, லெக்கோ வட்டாரமானால் 1910க்கோ அழைத்துத் தகுதியை உறுதிசெய்யுங்கள். தொடர்மாடிக்கு மொத்த இணைப்பும் உள்ளே துணை மீட்டர்களும் என்றால் உங்களுக்கு இந்தத் தெரிவே இல்லை. மீட்டர் மாற்றும் செலவு யாருடையது, பிடிக்காவிட்டால் எத்தனை மாதத்தில் திரும்பலாம் என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புதிய மீட்டரின் திரை தானாக மாறி மாறி மூன்று பதிவையும் மொத்தத்தையும் திகதியையும் நேரத்தையும் காட்டும். பொருத்திய அன்றே அந்த நேரத்தைக் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டு, பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் புதியதன் தொடக்க எண்களையும் படமெடுத்து வையுங்கள். முதல் பில்லில் மூன்று பதிவின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இரவு அலகும் உச்ச அலகும் இடம் மாறிப் பதியப்பட்டிருந்தால், நீங்கள் எடுத்த ஏழு நாள் அளவோடு ஒப்பிட்ட உடனேயே அது தெரிந்துவிடும்.