வடநெம்மேலி முதலைப் பண்ணை: காலையிலேயே போய்விடுங்கள்

சென்னையிலிருந்து போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1976-ல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. சதுப்பு முதலைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். கோபமெல்லாம் இல்லை, உடல் சூட்டைத் தணிக்கும் வழி அது. என் பையன் 'எல்லாம் பொம்மைப்பா' என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்!

எனக்குப் பிடித்தது கரியால் என்ற முதலை வகைதான். மீனைச் சட்டென்று பக்கவாட்டில் கவ்வ வசதியான ஒல்லி மூக்கு; வளர்ந்த ஆணுக்கு மட்டும் அதன் நுனியில் சொம்பு கவிழ்த்தாற்போல ஒரு புடைப்பு. அப்புறம், முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் மணலின் வெப்பம்தான் முடிவு செய்கிறதாம்.

இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு விஷம் எடுக்கும் இடமும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. தொப்பி, தண்ணீர் அவசியம்.