மூட்டுத் தேய்மானம் கண்ட முதிய நாய்: வாங்கியவையும் அவற்றின் பலனும்

பொமரேனியன் கலப்பினத்தைச் சேர்ந்த எங்கள் நாய்க்குப் பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்திருப்பதை எக்ஸ்ரே காட்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதுபோன்ற சிறிய இனங்களில் முழங்கால் சில்லு இடம் விலகுவது அடிக்கடி காணப்படும் குறை. அதுவே வயதான காலத்தில் மூட்டைத் தேய்த்துவிடுகிறது. தேய்ந்த குருத்தெலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகையால் சிரமமின்றி எழுகிறதா, நடக்கிறதா, இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுக்காமல் உறங்குகிறதா என்பவற்றைக் கொண்டே ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறேன்.

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் அது வழுக்காத விரிப்புதான். பளபளப்பான தரையில் நாய் எழுவதைக் கவனித்தால் காரணம் புரியும்: முன்னங்கால்களை ஊன்றி உடலை இழுக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாகச் சறுக்க, எழ முயன்ற நாய் மறுபடி உட்கார்ந்துவிடும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரையிலும், அங்கிருந்து வாசல் வரையிலும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட விரிப்புகளை இடைவெளியின்றிப் போட்டோம். நடுவில் வெறுந்தரை தெரிந்தால் நாய் விரிப்பின் விளிம்பிலேயே தயங்கி நின்றுவிடுகிறது. பாதத்தைக் கவனிக்காவிட்டால் விரிப்பும் முழுப் பலன் தராது. விரல் திண்டுகளுக்கிடையே வளரும் முடி பிடிமானத்தைக் கெடுக்கிறது. நீண்ட நகம் விரல்களை மேலே தள்ளி, நிற்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது. நடை குறைந்த நாய்க்கு நகம் தானாகத் தேய்வதில்லை என்பதால் முன்பைவிட அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த இடம் உடல் எடைக்கு. 6 கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது மொத்த எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரப்பதால், எடையைக் குறைப்பது சுமையோடு வலியையும் குறைக்கிறது. உணவைக் கோப்பையால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுகிறோம். வருகிற விருந்தினர்கள் பாசத்தோடு நீட்டும் பிஸ்கட்டுகளை எந்தத் தராசாலும் தடுக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

மெமரி ஃபோம் மெத்தை நன்றாகவே உழைக்கிறது. கையால் அழுத்தினால் தரை தட்டாத அளவுக்குக் கனம் வேண்டும். அதே சமயம் நாய் புதைந்துபோய் எழத் திணறும் அளவுக்கு மென்மையும் கூடாது. சோபாவுக்கான சரிவுப் பலகையில் நீளமே முக்கியம். குட்டையான பலகை செங்குத்தாக நிற்பதால், பாதி வழியில் நாய் பக்கவாட்டில் குதித்துவிடும். தவிர்க்க நினைத்த அதிர்ச்சி அப்போதுதான் மூட்டில் இறங்குகிறது.

வலியையும் அழற்சியையும் குறைக்கக் கால்நடை மருத்துவர் எழுதித்தந்த மெலாக்சிகாம் திரவ மருந்து, எடைக்கேற்பக் கோடிட்ட சிரிஞ்சுடன் வருவதால் சிறிய நாய்க்குத் துல்லியமாக அளக்க முடிகிறது. கல்லீரல், சிறுநீரக நிலையை அறிய ரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்கினோம். அதை அவ்வப்போது திரும்பவும் செய்கிறோம். மருந்தை உணவோடு கொடுக்க வேண்டும். வாந்தியோ கருநிற மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்துடன் இதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான இபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்றவற்றை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

துணை உணவுகளில் மீன் எண்ணெய் மெதுவாக வேலை செய்தது. முழு அளவில் தொடங்கினால் வயிறு இளகும், ஆகவே சிறிது சிறிதாகக் கூட்டுவது நல்லது. விளம்பரத்தில் முதலிடம் பிடிக்கும் குளுக்கோசமைன் எங்கள் நாயின் நடையில் எந்த மாற்றத்தையும் காட்டாததால் நிறுத்திவிட்டோம். மூட்டு வலிக்காக மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் பேசினோம். அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு அனுமதி பெற்ற அந்த மருந்துக்குப் பின் சில நாய்களில் நடைத் தடுமாற்றமும் வலிப்பும் பதிவானதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் கால்நடை மருத்துவர்களுக்கு அறிவித்தது. மெலாக்சிகாமைச் சிறுநீரகம் தாங்கும் வரை அதையே தொடர்வது, தாங்காத நிலை வந்தால் ஊசியை யோசிப்பது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம்.