8க்கு 9ஆ, 7க்கு 11ஆ: வீட்டு மாடிப்படிக்கு எந்த அளவு நல்லது?

அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) அப்போது 71 வயது. காங்கயம் பக்கம் மாமன் வீட்டில், மொட்டை மாடியில் கொப்பரையைக் காயப்போட்டுவிட்டு, வெறும் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். முதல் படியிலேயே தடுமாறி லேண்டிங் வரைக்கும் உருண்டுவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "வயசாயிருச்சுல்லங்க, தலை சுத்தியிருக்கும்" என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பத்து நாள் கழித்து டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு படியாக அளந்தேன். எல்லாப் படியும் 8 அங்குல உயரம். மேல் படி மட்டும் 11.

காரணம் எளிது. சென்ட்ரிங் அடித்துப் படி ஊற்றியபோது மாடியில் வெறும் கான்கிரீட்தான் இருந்தது. அப்புறம் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்தார்கள். அந்த 3 அங்குலமும் மொத்தமாகக் கடைசிப் படியின் தலையில் ஏறிவிட்டது. மாடியில் நிற்கிறவருக்கு அதுதான் முதல் படி. 8இல் படி கிடைக்கும் என்று நம்பி இறங்கிய கால், 11இல் அதைத் தேடியிருக்கிறது.

இப்போது சித்தப்பா மகன் திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் 3 சென்ட்டில் வீடு கட்டுகிறான். படிக்கு என்ன அளவு என்று கேட்டான். மூன்று அளவுகளை எடுத்து, அவன் வீட்டுக் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன். தரைக்கும் மேல்தரைக்கும் நடுவே 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். லேண்டிங்கில் திரும்பி ஏறும் படி. படி அறையின் அகலம் ஆறரை அடி.

முதலாவது, இங்கே கைப்பழக்கத்தில் இருப்பது: உயரம் 8 சொச்சம், மிதிபடும் அகலம், அதாவது மிதி, 9. அவன் மேஸ்திரி போட்ட கணக்கும் இதுதான். 126ஐ 15 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 8.4 அங்குலம். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 7 மிதி, 63 அங்குல நீளத்தில் முடிந்துவிடும். இடம் மிச்சம். "ஏனுங்க, படிக்குப் போற எடத்துல ஒரு பீரோவே வெச்சுக்கலாமுங்க" என்றார் மேஸ்திரி. அவர் தொழிலில் குறை சொல்ல மாட்டேன், ரசமட்டம் வைத்து வேலை செய்கிற ஆள். ஆனால் ஆண்கள் போடுகிற செருப்பு 10, 11 அங்குலம் இருக்கும். 9 அங்குல மிதியில் ஏறும்போது குதிகால் வெளியே நின்றால் பரவாயில்லை. இறங்கும்போது வெளியே நீட்டுவது முன்பாதம். உடம்பின் பாரம் முழுக்க அதன்மேல்தான் விழுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் காலைக் கோணலாகத் திருப்பி, பக்கவாட்டில் இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மூட்டுவலி என்று நினைக்கிறோம். பாதி நேரம் படிதான் அவர்களை அப்படி இறங்க வைக்கிறது.

இரண்டாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016. வீடுகளுக்குப் படி உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதி 250க்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ ஏழரைக்குப் பத்து அங்குலம். நம் கணக்கில் 17 ஏற்றம், ஒவ்வொன்றும் 7.4 அங்குலம். நீண்ட பக்கத்துக்கு 80 அங்குலம் வேண்டும். முதலாவதைவிட எவ்வளவோ மேல். இதே தொகுப்பு, வீடல்லாத பொதுக் கட்டடங்களுக்கு 150க்கு 300 என்று கேட்கிறது. ஆபீஸில் ஏறுகிற அதே கால்தான் வீட்டிலும் ஏறுகிறது. வீட்டில்தான் குழந்தையும் கிழவியும் கரண்ட் போன இருட்டும் உண்டு. வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தளர்வு என்பதற்கு இடநெருக்கடி தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, 7க்கு 11. அமெரிக்காவில் பொதுக் கட்டடங்களுக்கு இதுதான் விதி. தனி வீடுகளுக்கு அங்கேயும் தளர்த்தி ஏழே முக்காலுக்குப் பத்து என்று வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் 7க்கு 11 வேண்டும் என்று ஜேக் பால்ஸ் என்ற படிக்கட்டுப் பாதுகாப்பு நிபுணர் பல பத்தாண்டுகள் வாதாடினார். கனடா 2015 விதித்தொகுப்பில் வீட்டு மிதியை 210 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆகக் கூட்டியது. எல்லா நாடும் இந்தப் பக்கம் வந்துவிடவில்லை: இங்கிலாந்தில் தனி வீட்டுக்கு 220 மில்லிமீட்டர் மிதி போதும், ஜப்பானில் 230 உயரத்துக்கு 150 மிதி வரை விடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பதெல்லாம் உசத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் வீட்டில் 7க்கு 11 என்றால் 18 ஏற்றம், ஒரு பக்கத்துக்கு 8 மிதி, 88 அங்குலம். இரண்டாவதைவிட 8 அங்குலம்தான் கூடுதல். ஆறரை அடி அகலத்தில் அது நாலேகால் சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் 11,000 ரூபாய்க்குள் முடிகிறது. மேஸ்திரியின் அளவோடு ஒப்பிட்டால் பதிமூன்றரை சதுர அடி, 34,000 ரூபாய். கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கு இதைவிட அதிகம் செலவாகும்.

18 என்றதும் சித்தி முகம் மாறியது. படி ஒற்றைப்படையில் வர வேண்டும், லாபம், நஷ்டம் என்று எண்ணி லாபத்தில் முடிய வேண்டும். நியாயம்தான், அவர் குடியிருக்கப் போகிற வீடு. எண்ணிக் காட்டினேன்: கீழே 8 மிதி, லேண்டிங் ஒன்று, மேலே 8 மிதி. காலை வைக்கிற படி 17, அதற்கு மேல் தரை. லாபத்தில்தான் முடிகிறது.

"இரண்டு உயரமும் ஒரு மிதியும் கூட்டினால் 24, 25 வந்தால் சரி" என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா ப்ளொண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் சொன்னதிலிருந்து வந்தது. அதை மட்டும் நம்ப வேண்டாம். 7க்கு 11இல் 25 வருகிறது; 8க்கு 9இலும் அதே 25தான் வருகிறது. செங்குத்தான படியும் அதில் தேறிவிடும்.

எந்த அளவை எடுத்தாலும், என் பார்வையில் அதைவிடப் பெரிய விதி ஒன்று இருக்கிறது: எல்லாப் படியும் ஒரே உயரம். அமெரிக்க விதியில் ஒரே வரிசையின் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக்கு மேல் வித்தியாசம் கூடாது. 10 மில்லிமீட்டர்கூட இல்லை. அம்மிச்சி விழுந்த படியில் 75 மில்லிமீட்டர். இதற்கு இடமும் வேண்டாம், பணமும் வேண்டாம். டைல்ஸ், தட்டோடு கனத்தை முதலிலேயே சேர்த்து எண்ணினால் போதும்.

கைப்பிடியிலும் இரண்டு வகை போட்டி போடுகின்றன. ஒன்று, கைப்பிடிச்சுவர் கட்டி மேலே ஆறங்குல கிரானைட். பார்க்க எடுப்பு, ஆனால் வழுக்கும் நொடியில் விரல் மடங்கிப் பிடிக்க முடியாது. இன்னொன்று, படுக்கைவாட்டில் நாலைந்து எஸ்.எஸ். கம்பி. மூன்று வயசுப் பையனுக்கு அது ஏணி. நான் சொல்வது ஒன்றரை அங்குல உருண்டைக் குழாய், கீழே செங்குத்துக் கம்பிகள், இடைவெளி 4 அங்குலத்துக்குள், குழந்தையின் தலை நுழையாத அளவு. கட்டி முடித்த வீடுகளுக்கு எந்தப் புது விதியும் போய்ச் சேராது. அங்கே இந்தக் குழாயும், மாடியிலும் கீழேயும் போட்டு அணைக்கிற விளக்கு ஸ்விட்சும்தான் வழி.

சரி, விதியை இறுக்கினால் போதுமா? தேசியத் தொகுப்பு ஒரு பரிந்துரை; மாநில, உள்ளாட்சி விதிகள் எடுத்துக்கொண்டால்தான் கட்டாயம். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு, சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம். மக்களுக்கு நல்ல வசதி, அதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். அந்தச் சுயசான்றிலேயே படி உயரம், மிதி, ஏற்றத்தாழ்வு, கைப்பிடி என்று நாலு அளவைக் கட்டாயமாக்கி, கட்டி முடித்தபின் டேப்பை வைத்து எடுத்த போட்டோவோடு கேட்கலாம். வாடகைக்கு விடுகிற வீடுகளின் வெளிப்படிக்கு இது இரட்டிப்பாகத் தேவை. நைட் ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து வந்து, இரண்டரை அடி அகலப் படியில் இருட்டில் ஏறுகிறவர்கள் அந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி சுவரில் நீலம் தொட்ட நூலை அடித்து 18 கோடு போட்டிருந்தார். மேல் கோடு கான்கிரீட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தது. அது எதற்கு என்று சித்தாள் கேட்டதற்கு, "டைல்ஸ் வருதுல்ல, அதுக்கு" என்றார்.