ச்சீக்கியா, டேக்கிங் த மிக்கா?

பிரிட்டிஷ் பேச்சில் குறும்பைச் சுட்டும் இந்த இரண்டும் ஒன்றல்ல. மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

ச்சீக்கி என்பது நம் வாய்த்துடுக்கு மாதிரி, ஆனால் ரசிக்கிற துடுக்கு. கேட்காமல் உங்கள் தட்டிலிருந்து ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்துவிட்டுச் சிரிக்கும் நண்பன் ச்சீக்கி. எதிர்த்துப் பேசும் வாண்டு 'ச்சீக்கி மங்கி'. பொருளோடும் ஒட்டும்: வீட்டுக்குப் போகிற வழியில் நழுவிப்போய் அடிக்கும் 568 மில்லி பியர் 'ச்சீக்கி பைண்ட்'. குறும்பு பியரில் இல்லை, நழுவியதில் இருக்கிறது.

டேக்கிங் த மிக் கலாய்ப்பது. பின்னால் 'அவுட் ஆஃப்' போட்டு ஆளைச் சொன்னால் கிண்டல். அது இல்லாமல், முகச்சுளிப்போடு வந்தால் பெரும்பாலும் 'ரொம்ப ஓவரா போறே' என்று அர்த்தம்: 20 பவுண்டு கடன் வாங்கிவிட்டு மறந்தவன், தினமும் அரை மணி நேரம் தாமதமாக வருபவன். மிக்குக்குப் பதில் 'பிஸ்' போட்டாலும் பொருள் அதேதான், ஆனால் கெட்ட வார்த்தை, ஆபீஸில் வேண்டாம்.

ஒரு சிப்ஸ் ச்சீக்கி. பாதித் தட்டு காலியானால் மிக்.

மேலதிகாரியை ச்சீக்கி என்று சொல்லிவிடாதீர்கள். பெரியவர் சின்னவரைப் பார்த்துச் சொல்லும் வாடை அதில் உண்டு.