ட்யூபுலரை இறக்கி லித்தியம் ஏற்றிய பிறகு: மதுரை வெயிலில் இன்வர்ட்டர் பேட்டரி எப்படி உழைக்கிறது

இன்வர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி மாட்டினால் பேட்டரிக்குள் இருக்கும் செல் கெட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். தொல்லை கொடுப்பதெல்லாம் செல்லைச் சுற்றி இருப்பவைதான்: பிஎம்எஸ் (செல்களைக் காவல் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) செட்டிங், லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்), கேபிள், போனில் தெரியும் சதவீதம். பல கோடைகள் ஓடிய ஒரு சாதாரண வீட்டு அமைப்பை வைத்து இதைச் சொல்கிறேன். முன்பு 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) ட்யூபுலரில், அதாவது ஆசிட் ஊற்றிய ஈய பேட்டரியில், ஓடிய 900 விஏ சைன் வேவ் இன்வர்ட்டர் அப்படியே இருக்கிறது. பேட்டரி மட்டும் 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி.

150-ஐக் கொடுத்து 100 வாங்குவது நஷ்டம் போலத் தோன்றும். ட்யூபுலரில் எழுதியிருக்கும் 150, கரண்டை 10 அல்லது 20 மணி நேரத்துக்கு மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. லோடு ஏற ஏற அது சுருங்கும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் குறையும். எல்எஃப்பியில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். 1280 வாட்-ஹவரில் 10 சதவீதத்தை விட்டுவிட்டு, இன்வர்ட்டர் தின்பதற்கு 15 சதவீதம் கழித்தால் சுமார் 980 வாட்-ஹவர் கையில் நிற்கும். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மூன்று 90 வாட், நான்கு எல்இடி பல்பு 36 வாட், வைஃபை ரவுட்டர் 12 வாட். ஏழு மணி நேரம் ஓடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் காலையில் தொடங்கி சாயங்காலம் வரை இழுக்கும் நாளிலும், டிவியைத் தொடாமல் இருந்தால் அநேகமாகச் சமாளிக்கலாம். அதே வீட்டில் 75 வாட் பழைய ஃபேன் மூன்று சுற்றினால் மூன்றரை மணி நேரத்தில் படுத்துவிடும். கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் ஃபேனை மாற்றுங்கள், பேட்டரி பிறகு ஆகட்டும்.

எடை வித்தியாசத்தை மாடிப்படியில் தூக்கியவர்களைக் கேட்டால் தெரியும். ட்யூபுலர் 55 கிலோவை ஒட்டி வரும், இது 12 கிலோ. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை, டெர்மினலில் நீலமும் வெள்ளையுமாகப் பூக்கும் உப்பு இல்லை, ஆசிட் நெடி இல்லை.

ரசாயனத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். இந்தப் பொருளை பேட்டரிக்கு ஆகும் என்று 1997-ல் காட்டியது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப், அக்‌ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் இருந்த குழு. குட்இனஃப் பின்னாளில், 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். பாஸ்பேட்டில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால் சூடு ஏறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது. போனிலும் பல மின்வண்டிகளிலும் இருக்கும் நிக்கல், கோபால்ட் வகை செல்களைவிட இது தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். இதன் குறை, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துகளை மிக நுண்ணியதாக்கி மேலே கார்பன் பூசிய பிறகுதான் பேட்டரிக்கு உருப்படியானது. மின்வேதியியலுக்கென்றே ஆய்வு நிறுவனம், சிக்ரி, பக்கத்துக் காரைக்குடியில் இருந்தும் மதுரைக் கடைகளில் இந்த பேட்டரியைப் பற்றிக் கேட்டால் “லித்தியம் சார், மெயின்டனன்ஸ் ஃப்ரீ” என்பதற்கு மேல் பதில் வருவதில்லை என்பது ஒரு வருத்தம்.

ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு வரிசையாகச் சேர்ந்தால் 12.8. முழுச் சார்ஜின் உச்சம் செல்லுக்கு 3.65, மொத்தம் 14.6. அடிமட்டம் 2.5. நடுவில் வோல்டேஜ் கிட்டத்தட்ட நகராது. லோடு இல்லாமல் அளந்தால் 90 சதவீதத்தில் 13.3-ஐ ஒட்டியும் 40 சதவீதத்தில் 13.1-ஐ ஒட்டியும் நிற்கும். ட்யூபுலருக்காகச் செய்த இன்வர்ட்டர், 12.7-க்கு மேலே எதைப் பார்த்தாலும் “ஃபுல்” என்றே நினைக்கும். அதனால் முன்பக்க நான்கு கோடும் கடைசி வரை எரிந்து, ஒரு கட்டத்தில் ஒரேயடியாக அணையும். பேட்டரி ஏமாற்றுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அந்தக் கோடுகளை இனி நம்ப வேண்டாம்.

போன் ஆப் காட்டும் சதவீதமும் வேதவாக்கு இல்லை. பிஎம்எஸ் ஷன்ட் எனும், கரண்ட் அளக்கும் சிறிய ரெசிஸ்டர் வழியாகப் போகும் வரும் ஆம்பியரைக் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் போடுகிறது. மிகச் சிறிய கரண்ட் அதன் கண்ணில் படாது. இன்வர்ட்டர் சும்மா நிற்கும்போது இழுக்கும் அரை ஆம்பியர் கணக்கில் வராமல் போனால் ஒரு நாளைக்கு 12 ஏஎச் வித்தியாசம். ஆப் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வீடு இருட்டாவது இப்படித்தான். மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் ஏறி, கரண்ட் சில ஆம்பியருக்குக் கீழே இறங்கும் வரை விட்டால் கணக்கு 100-க்குத் திரும்பிவிடும். ஆப் லொகேஷன் அனுமதி கேட்டால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, புளூடூத்தில் கருவி தேடவே அந்த அனுமதி வேண்டும். பதற வேண்டியது பாஸ்வேர்டுக்கு. ஆலையிலிருந்து 1234 என்று வந்ததை மாற்றாமல் விட்டால், அடுத்த வீட்டுப் பையன் அதே ஆப்பைத் திறந்து உங்கள் வீட்டு டிஸ்சார்ஜ் பட்டனை அணைக்கலாம்.

இனி செட்டிங். பல இன்வர்ட்டர்களில் பின்பக்கம் பேட்டரி வகைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். ட்யூபுலரில் விட்டால் பூஸ்ட், அதாவது நிறைக்கும்போது கொடுக்கும் உச்ச வோல்டேஜ், 14.4 முதல் 14.8 வரை போகும். மொத்தம் 14.6-ஐத் தாண்டும் முன்பே, நான்கில் சற்று முந்தி நிறையும் செல் 3.65-ஐத் தொட்டு பிஎம்எஸ் சார்ஜை வெட்டிவிடும். சிறிது நேரத்தில் திரும்பச் சேர்க்கும், திரும்ப வெட்டும். சார்ஜிங் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் இதுதான் காரணம். எஸ்எம்எஃப் (மூடிய ஈய பேட்டரி) நிலைக்கு மாற்றினால் 14.2-ஐ ஒட்டி நிற்கும், எல்எஃப்பிக்கு அது போதும். ஃப்ளோட் (நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.5 அல்லது 13.6-க்கு மேல் வேண்டாம். நிறைந்த நிலையிலேயே, அதுவும் சூட்டில், எப்போதும் உட்கார வைத்தால் கிராஃபைட் பக்கம் படலம் தடித்து, உபயோகிக்காமலே கொள்ளளவு கரையும்.

செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு வருவது இயல்பு. ஆப்பில் ஒரு செல் 3.60, மற்றவை 3.42 என்று காட்டினால் பேலன்ஸ் ஆகவில்லை. முந்தி நிறைந்த செல்லை பிஎம்எஸ் மெதுவாக வடித்து மற்றவற்றோடு சமமாக்குவதுதான் பேலன்ஸிங். பெரும்பாலான பிஎம்எஸ்களில் அந்தக் கரண்ட் 50 மில்லி ஆம்பியர்தான். 2 ஏஎச் வித்தியாசத்தைச் சரிசெய்ய 40 மணி நேரம் மேல்மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு ராத்திரியில் சரியாகவில்லையே என்று பேக்கைத் திறக்காதீர்கள். பேலன்ஸ் தொடங்கும் அளவு 3.40-க்குக் கீழே இருக்கவும் கூடாது. அங்கே வோல்டேஜ் கோடு தட்டையானது, எந்த செல் நிறைந்தது எது காலி என்று பிஎம்எஸ்ஸுக்கே தெரியாமல் தப்பான செல்லை வடிக்கும்.

வெயில் விஷயம் நம் ஊருக்குத் தனி. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை ராத்திரியிலும் கொதிக்கும். ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பழைய கணக்கு. எல்எஃப்பி அதைவிடத் தாங்கும், ஆனாலும் சூடு அதற்கும் எதிரிதான். ஷட்டவுன் முடிந்து சாயங்காலம் சார்ஜ் ஏறும்போது, மூடிய அலமாரிக்குள் இன்வர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் சூடும் சேர்ந்து செல் 45 டிகிரியைத் தாண்டும். அளவு எங்கே வைத்திருக்கிறார்களோ அங்கே பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடும். இன்வர்ட்டர் மேல் பேட்டரியை அடுக்காதீர்கள். இடையில் ஒரு சாண் இடம் விடுங்கள், கதவுக்குப் பதில் வலை போதும். இன்வர்ட்டருக்குள் பல்லி புகாமல் வலை நெருக்கமாக இருக்கட்டும். போர்டில் பல்லி ஷார்ட் ஆனால் எந்த வாரன்டியும் உதவாது.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மிக்ஸி 750 வாட் ஓடினால் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் அளவுக்குப் போகிறது. போக வர 3 மீட்டர், 10 சதுர மி.மீ. செப்புக் கேபிள் என்றால் அதிலேயே 0.38 வோல்ட் விழும், 27 வாட் சூடாகப் போகும். 25 சதுர மி.மீ. போட்டால் 0.15 வோல்ட். லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தச் சொல்லுங்கள். ஒரு மில்லி ஓம் தளர்வு 60 ஆம்பியரில் 3.6 வாட் சூடு, அது டெர்மினலின் ஒரே புள்ளியில். முழு லோடில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் புறங்கையால் லக்கின் அருகில் கேபிளைத் தொட்டுப் பார்த்தால், தளர்ந்த இணைப்பு தானாகவே காட்டிக்கொடுக்கும். பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 100 அல்லது 125 ஆம்பியர் டிசி ஃபியூஸ் கட்டாயம். வீட்டு ஏசி கரண்டுக்கான எம்சிபியை (ட்ரிப் ஆகும் சுவிட்சை) அங்கே மாட்டுவது தவறு. டிசியில் பொறி அணையாமல் எம்சிபியே எரியக்கூடும்.

முதல் தடவை கேபிளைத் தொடும்போது பட்டென்று பொறி பறந்து, பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடுவது உண்டு. இன்வர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் காலியாக இருந்து ஒரே மூச்சில் இழுப்பதே காரணம். 25 முதல் 50 ஓம், 10 வாட் பீங்கான் ரெசிஸ்டரை இடையில் சில நொடி பிடித்து, பிறகு நேரடியாக இணைத்தால் சத்தமே வராது. 12 வோல்ட் கார் பல்பும் இதற்கு ஆகும்.

வாங்கும்போது தராசு நல்ல நண்பன். 100 ஏஎச் தட்டை வடிவ செல் ஒன்று 2 கிலோவை ஒட்டி இருக்கும், நான்குக்கு 8 கிலோ. பெட்டி, பிஎம்எஸ், வயர் எல்லாம் சேர்த்து 8 கிலோகூட வரவில்லை என்றால் உள்ளே 100 இல்லை. மேல் கியூஆர் குறியீடு சுரண்டப்பட்ட செல்கள் மின்வண்டியிலிருந்து கழற்றியவையாக இருக்கலாம். சிறிய உருளை செல்களை நூற்றுக்கு அருகில் ஸ்பாட் வெல்ட் அடித்த பேக்கும் தப்பில்லை, வெல்டின் தரத்தைப் பொறுத்தது. வாங்கியதும் டிசி வாட் மீட்டர் வைத்து 10 ஆம்பியர் லோடில் முழுவதும் இறக்கிப் பாருங்கள். பத்து மணி நேரத்தை ஒட்டி வந்தால் சரி, ஏழரையில் நின்றால் மறுநாளே திருப்புங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? மாதம் ஒரு மணி நேரம் மட்டும் கரண்ட் போகிற பகுதியில் விலை வித்தியாசம் திரும்பி வராது, ட்யூபுலரே போதும். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பம்ப்செட் ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜால் இன்வர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும் வீடுகளுக்கு எல்எஃப்பி நிச்சயம் லாபம். அரைகுறையாக நிறைந்து கிடந்தால் ஈய பேட்டரியில் சல்பேட் படியும், இதில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ட்யூபுலர் மேல். பழசைக் கொடுத்தால் ஈயத்துக்கு எடை போட்டுப் பணம் தருவார்கள். எல்எஃப்பிக்கு பழைய இரும்புக் கடையில் மதிப்பு கிடையாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்ப எடுக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு, ஆகையால் பில்லையும் சீரியல் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக, “பேட்டரி செத்துப்போச்சு” என்று வரும் பாதி அழைப்புகளுக்குக் காரணமான பூட்டு. முழுக்க இறங்கியதும் பிஎம்எஸ் கதவைச் சாத்தும், முனையில் 0 வோல்ட். கரண்ட் வந்தாலும் பேட்டரியே இல்லை என்று நினைத்து இன்வர்ட்டர் சார்ஜ் ஆரம்பிக்காது. ஆட்டோமேட்டிக் சார்ஜர்களில் பலவும் கிளம்பாது. 14.6 வோல்ட் லித்தியம் சார்ஜரோ கரண்ட் அளவை வைக்கக்கூடிய பவர் சப்ளையோ 5 ஆம்பியரில் சில நிமிடம் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். இது திரும்ப நடக்காமல் இருக்க இன்வர்ட்டர் முதலில் தூங்க வேண்டும். பொதுவாக அது 10.5 வோல்ட்டில் நிற்கும், செல்லுக்கு 2.62. பிஎம்எஸ் கீழ் அளவை 2.8-லிருந்து 2.5-க்கு இறக்கினால் முறை சரியாகிவிடும். அந்த இடத்தில் வோல்டேஜ் கோடு செங்குத்து, இரண்டு அளவுக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு சதவீதம்கூட இல்லை. பல நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் முன் சுவிட்சை மட்டும் அணைக்காமல் நெகட்டிவ் கேபிளையும் கழற்றிவிட்டுப் போங்கள். பாதி சார்ஜில் விட்டுப் போனால் போதும்.